மூன்றாவது ரவுண்டில் ஏன் மூச்சு நின்றுபோகிறது?

அம்மா, காவலர் எழுத்துத் தேர்வில் தேறிய பையன் ஓட்டத்தில் பாதியிலேயே நின்றுவிடுகிறான், உடம்பில் ஏதோ குறை என்று பயப்படுகிறீர்கள். முதல் ரவுண்டை ஒன்றேகால் நிமிடத்தில் முடிக்கிறான் என்றும் பெருமையாகச் சொன்னீர்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் அது மூன்றே முக்கால் ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 விநாடி கிடைக்கிறது. முதலில் வந்தாலும் கடைசி விநாடியில் வந்தாலும் தேர்ச்சி ஒன்றுதான். ஆரம்பத்திலேயே பாய்ந்தால் தசை கேட்கும் ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் கொடுத்து முடியாது, கால் கனத்துவிடும். அதனால் முதல் ரவுண்டு 1 நிமிடம் 45 விநாடிக்குக் குறையவே கூடாது. கையில் வாட்ச் கட்டிப் பழகட்டும்.

அவன் இப்போது எங்கே நிற்கிறான் என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. கென்னத் கூப்பர் என்ற மருத்துவர் 1968-இல் அமெரிக்க விமானப்படைக்காக வகுத்த சோதனை அது: 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று அளப்பது. 2500 மீட்டரை எட்டினால் காவலர் ஓட்டத்துக்குப் பயமே வேண்டாம். ஆனால் மத்திய ஆயுதப்படைக் காவலர் தேர்வுக்கும் விண்ணப்பிக்கிறான் என்றால், அங்கே 5 கிலோமீட்டர், 24 நிமிடம். கிட்டத்தட்ட அதே வேகத்தில் மூன்று மடங்குக்கு மேல் தூரம்! அதற்குத் தனியாகப் பல மாதம் உழைக்க வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அரை மணி நேரம், இன்னொரு நாள் மட்டும் நடுநடுவே ஓய்வு எடுத்து நாலைந்து முறை 400 மீட்டர் வேக ஓட்டம். இது போதும். பள்ளிகொண்டா பக்கம் பையன்கள் பாலாற்று மணலில் தினமும் ஓடுகிறார்கள். குதிகால் நரம்பு இழுத்துக்கொள்ளும், வேண்டாம். வேலூர் வெயிலுக்கு ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வேகம் கூட்ட ஊசி, மாத்திரை என்று யார் சொன்னாலும் காது கொடுக்காதீர்கள்.

நெஞ்சு வலி, மயக்கம், இளைப்பு இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அப்புறம், கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போகிறார்கள் என்று அவனிடம் ஒப்பிட்டுப் பேச வேண்டாம். அந்தப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே ஓடிப் பழகியவர்கள். வரும் ஞாயிறு 12 நிமிடச் சோதனை செய்து, தூரத்தை எனக்கு எழுதுங்கள். அதை வைத்து மீதி வாரங்களுக்குத் திட்டம் போட்டுத் தருகிறேன்.