144 தடை உத்தரவை மீறினால் என்ன தண்டனை? போலீஸே வழக்குப் போடலாமா?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163-வது பிரிவாகிவிட்டது, பேச்சுவழக்கில் மட்டும் இன்னும் 144தான். அது உத்தரவு போடும் அதிகாரம். மீறியதற்கான தண்டனை புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 223-இல் (பழைய இ.பி.கோ. 188) இருக்கிறது: 6 மாதம் வரை சாதாரணச் சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர், உடல்நலம், பாதுகாப்புக்கு ஆபத்தோ கலவரமோ நேர்ந்தால், அல்லது நேரும்படி இருந்தால், 1 வருடம், 5,000 ரூபாய் வரை. ஜாமீன் கிடைக்கும் குற்றம்தான்.

மீறினாலே குற்றம் ஆகிவிடாது. உத்தரவு போட்டவருக்கு அதிகாரம் இருந்திருக்க வேண்டும், அது முறையாக அறிவிக்கப்பட்டு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மீறலால் இடையூறோ ஆபத்தோ விளைந்திருக்க வேண்டும், குறைந்தது விளையக்கூடியதாக இருக்க வேண்டும். கெடுதல் செய்யும் எண்ணம் இருந்ததா என்பது முக்கியமல்ல. உத்தரவின் தேதியையும் பாருங்கள்: மாநில அரசு நீட்டிக்காவிட்டால் 2 மாதத்தில் காலாவதி.

பல வழக்குகள் சறுக்குவது நடைமுறையில். உத்தரவிட்ட அதிகாரியோ, அவருடைய மேலதிகாரியோ, அவர் அதிகாரம் அளித்த வேறு அரசு ஊழியரோ எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் மாஜிஸ்திரேட் வழக்கை ஏற்க முடியும் (பி.என்.எஸ்.எஸ். 215). இதே கொள்கைப்படிதான், 188-க்கு போலீஸ் எப்.ஐ.ஆர். பதிய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சொன்னது. தடுப்பு நடவடிக்கை எடுக்கலாம், அது வேறு. 1 வருடத்துக்குள் நீதிமன்றம் வழக்கை ஏற்காவிட்டால் காலவரம்பும் குறுக்கே நிற்கும். ஆனால் எப்.ஐ.ஆரில் கல்வீச்சு மாதிரி வேறு பிரிவுகளும் சேர்ந்திருந்தால், இந்த ஒரு வாதத்தை வைத்து முழு வழக்கும் ரத்தாகும் என்று எண்ண வேண்டாம்.