பேடன் பவல் ராணுவ அதிகாரி. அப்படியானால் சாரணர் இயக்கம் சிறுவர்களுக்கான ராணுவப் பயிற்சியா?

கேள்வி இதுதான்: 1876 முதல் 1910 வரை பிரிட்டிஷ் படையில் இருந்த ஒருவர் தொடங்கிய இயக்கம். காக்கி, கொடி, வணக்கம், பேட்ஜ் எல்லாமே அங்கிருந்து வந்தவை. பிள்ளைகளைச் சிப்பாய் ஆக்குவதுதானே நோக்கம்?

சீருடையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் படையிலிருந்து எதை எடுத்துக்கொண்டார், எதை வேண்டாம் என்று விட்டார் என்று பார்த்தால் பதில் மாறும். விட்டது டிரில். எடுத்துக்கொண்டது வேவுக்காரனுக்கான பயிற்சி. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

வரிசையில் நிற்கும் சிப்பாய்க்கு உத்தரவு காதில் விழுந்தால் போதும். இரவில் தனியாக எதிரி முகாம் பக்கம் போகிறவனுக்கு உத்தரவு கொடுக்க யாரும் இல்லை. புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, குளம்படி புதிதா பழையதா, புகை எங்கே எழுகிறது என்று அவனே பார்த்து, அவனே முடிவு செய்ய வேண்டும். பேடன் பவல் 19 வயதில் 13ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படையில் சேர்ந்து லக்னோவுக்கு வந்தவர். 1896இல் இன்றைய ஜிம்பாப்வேயின் மட்டோபோ மலைகளில் வேவு வேலை பார்த்தார். 1897இல் 5ஆம் டிரகூன் கார்ட்ஸ் ரெஜிமென்ட்டின் தலைவராகத் திரும்பவும் இந்தியாவுக்கு வந்ததும், வீரர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தார். தேறியவர்களுக்குத் திசைகாட்டியின் வடமுனை போன்ற ஒரு சின்னம் கிடைத்தது. இன்று சாரணர் சட்டையில் இருக்கும் மூவிதழ்ச் சின்னத்தின் மூலம் அதுதான். அந்தப் பாடங்கள் 1899இல் சிப்பாய்களுக்கான சிறு கையேடாக வெளிவந்தன.

அதே ஆண்டு அக்டோபரில் பேடன் பவல் காத்து நின்ற தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் போயர் படையின் முற்றுகைக்குள் போனது. 217 நாள். அவருடைய தலைமை அலுவலர் எட்வர்ட் செசில் ஊர்ப் பையன்களைச் சேர்த்து ஒரு கேடட் படை அமைத்தார். செய்தி கொண்டுபோவது, காவல் பார்ப்பது போன்ற வேலைகளைப் பையன்கள் எடுத்துக்கொண்டதால் பெரியவர்கள் பதுங்குகுழிக்குப் போக முடிந்தது. முதலில் கழுதை மேல் போனார்கள், பிறகு சைக்கிளில். அவர்களின் தலைவன் வார்னர் குட்இயர் சைக்கிளோடு நிற்கும் படம் முற்றுகைக்காலத் தபால்தலையிலேயே இருக்கிறது. பொறுப்பை நம்பிக் கொடுத்தால் பையன்கள் சுமப்பார்கள் என்பதற்கு இதைத்தான் அவர் பின்னாளில் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

அதற்காக அவரை மகானாக்க வேண்டியதில்லை. முற்றுகையின்போது கறுப்பின மக்களுக்கு உணவு பங்கிட்ட விதத்துக்காக வரலாற்றாசிரியர்கள் இன்றும் அவரைக் கடுமையாக விமர்சிக்கிறார்கள். 1896இல் உவினி என்ற தலைவரைச் சுட்டுக்கொல்லச் செய்ததற்காக அவர் மேல் விசாரணையும் நடந்தது. பேரரசின் அதிகாரி அவர். அதை மறைத்துவிட்டுச் சாரணர் வரலாறு சொல்வது நேர்மையாகாது.

ஊர் திரும்பியபோது, சிப்பாய்களுக்கு எழுதிய கையேட்டை ஆசிரியர்களும் பையன்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். 1904இல் பாய்ஸ் பிரிகேட் என்ற சிறுவர் அமைப்பின் அணிவகுப்பைப் பார்வையிடப் போனார். அதன் நிறுவனர் வில்லியம் ஸ்மித், இதையே சிறுவர்களுக்கு ஏற்ற மாதிரி எழுதித் தாருங்கள் என்றார். எழுதும் முன் சோதித்துப் பார்க்க 1907 ஆகஸ்ட் 1இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முகாம் போட்டார்.

முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 20 பேர். பெரிய இடத்துப் பள்ளி மாணவர்களும், பூல், போர்ன்மத் ஊர்களின் சாதாரண வீட்டுப் பையன்களும் கலந்திருந்தார்கள். முதல் வகையினருக்குக் கட்டணம் 1 பவுண்டு, மற்றவர்களுக்கு மூன்றரை ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு). ஓநாய், காளை, குர்லூ என்ற நீர்ப்பறவை, அண்டங்காக்கை என்று நாலு அணி. தோளில் கட்டிய நூலின் நிறம் அணியைக் காட்டும். அணியின் நடத்தைக்கு எந்நேரமும் அணித்தலைவனே பொறுப்பு.

இந்த முகாமின் உயிர் இரவுக்காவலில் இருந்தது. தினமும் ஓர் அணி மாவு, உருளைக்கிழங்கு, இறைச்சி, தேயிலை என்று பச்சையாக வாங்கிக்கொண்டு குறித்த இடத்துக்குப் போகும். ஒவ்வொருவனிடமும் கோட்டு, கம்பளி, பாத்திரம், தீப்பெட்டி. அவர்களே அடுப்பு மூட்டி, சமைத்துச் சாப்பிட்டு, காவல் நிறுத்துவார்கள். பதினொரு மணிக்குள் பேடன் பவலும் மற்ற அணித்தலைவர்களும் இருட்டில் ஊர்ந்து வந்து காவலைத் தாண்டப் பார்ப்பார்கள். படையின் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு பையன்கூட லெஃப்ட் ரைட் போடவில்லை.

அடுத்த ஆண்டு வந்த புத்தகத்தின் தேர்வுகளும் இதே ரகம். இரண்டாம் வகுப்புச் சாரணன் 12 நிமிஷத்தில் ஒரு மைல் போக வேண்டும். நடையும் ஓட்டமும் மாறி மாறி. இரண்டு தீக்குச்சிக்குள் விறகு மூட்ட வேண்டும். கால் பவுண்டு இறைச்சியும் இரண்டு உருளைக்கிழங்கும் சமைக்க வேண்டும். சேமிப்பு வங்கியில் குறைந்தது ஆறு பென்னியாவது இருக்க வேண்டும். தீக்குச்சிக் கணக்கில்தான் அவருடைய சூட்சுமம். பெட்டி நிறையக் குச்சி இருந்தால் பையன் கட்டை விறகின் மேல் ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே இருப்பான். இரண்டுதான் என்றால் முதலில் ஈர்க்குச்சி கனத்தில் ஒரு கைப்பிடி, பிறகு பென்சில் கனம், பிறகு கட்டைவிரல் கனம் என்று சேர்த்து, காற்று போக இடம் விட்டு அடுக்கிய பிறகுதான் குச்சியைத் தொடுவான். தரையில் கிடக்கும் சுள்ளி ஈரம் உறிஞ்சியிருக்கும், கிளையில் காய்ந்து நிற்பதை ஒடிக்க வேண்டும் என்பதும் தானாகவே புரிந்துவிடும்.

ராணுவ வாடை அதிகம் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. 1909இல் அதை எழுப்பிய பிரான்சிஸ் வேன் என்ற சாரணர் இயக்க லண்டன் ஆணையர் பதவி இழந்து, போட்டிச் சாரணர் அமைப்பின் பக்கம் போனார். அந்தக் கவலை வீண் என்று சொல்ல மாட்டேன். ஆரம்பகால ஆணையர்கள் பலர் படை அதிகாரிகள். பேடன் பவலோ, டிரில் பையனின் சொந்த புத்தியை மழுக்கும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். 1910இல் 53 வயதில் படையை விட்டு முழுநேரமும் இதற்கே வந்தார். 1941 ஜனவரி 8இல் கென்யாவின் நியேரியில் இறந்தார்.

இந்தியாவில் தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டுமே இடம். அதனால்தான் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்குத் தனிச் சங்கம் தொடங்கினார். 1921இல் பேடன் பவல் இங்கே வந்தபோதுதான் அது தாய்ச் சங்கத்தோடு இணைந்தது.

கேள்வியில் உள்ள சந்தேகம் நியாயமாகும் இடம் ஒன்று உண்டு. நம் பள்ளிகள் பலவற்றில் சாரணர் படை என்றால் ஆகஸ்ட் 15, ஜனவரி 26 அணிவகுப்புதான். 32 பேர் ஒரே வரிசை, ஆசிரியர் கையில் விசில். அணிகள் பதிவேட்டில் மட்டும் இருக்கும். அதிக மதிப்பெண் வாங்கியவன் அணித்தலைவன். இது பேடன் பவல் விட்டுவந்ததையே திரும்பப் பிடித்துக்கொள்வது.

சரி செய்ய நினைக்கும் சாரண ஆசிரியர் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியாகப் பிரித்து, அந்தப் பிரிவை வருஷம் முழுக்கக் கலைக்காமல் வைத்திருக்க வேண்டும். கலைத்துக்கொண்டே இருந்தால் தலைவனுக்குத் தன் பையன்கள் யார் என்றே தெரியாது. கற்றுக்கொடுப்பதை முதலில் அணித்தலைவர்களுக்கு மட்டும் கற்றுக்கொடுத்து, அவர்கள் வழியாக மற்றவர்களுக்குப் போகவிட வேண்டும். முகாமில் சமையல்காரர் வேண்டாம். அரிசி, பருப்பு, காய், எண்ணெயை அளந்து அணித்தலைவன் கையில் கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் சோறு குழையும், அடி பிடிக்கும். அப்போது கரண்டியைப் பிடுங்காமல் இருப்பதுதான் ஆசிரியருக்குக் கஷ்டமான வேலை. சமாளிக்க அவல், வாழைப்பழம் கையில் இருந்தால் போதும். மூன்றாம் நாள் தண்ணீர் அளவை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.