உடலுக்குள் போன சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் தந்த கதிர்வீச்சு அளவைப் பிறகு எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சீசியத்துக்கு இது எளிது. அதன் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர் உடலைத் தாண்டி வெளியே வருவதால், முழு உடல் அளவீட்டுக் கருவியில் அமர்த்தி எண்ணலாம். குளித்து, உடை மாற்றிய பின்தான் எண்ண வேண்டும். தோலில் ஒட்டிய தூசியும் உள்ளே இருப்பதாகவே பதிவாகும்.

பெரியவர் உடலில் சுமார் 10% இரண்டு நாள் அரைவாழ்வோடும் (பாதியாகக் குறைய ஆகும் காலம்), மீதி 90% சுமார் 110 நாள் அரைவாழ்வோடும் வெளியேறும். விழுங்கி 60 நாள் கழித்து 20,000 பெக்கரல் (நொடிக்கு ஒரு அணு சிதைவது ஒரு பெக்கரல்) தெரிந்தால், அப்போது எஞ்சியிருப்பது 0.62 பங்கு. ஆக, உள்ளே போனது ஏறக்குறைய 32,400 பெக்கரல். பெக்கரலுக்கு 0.000013 மில்லி சீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சு அளவின் அலகு) என்று பெருக்கினால் 0.42 மில்லி சீவர்ட்.

பெரும் பிழை தேதியில்தான் வரும். அதே 20,000 பெக்கரல், 60 நாளும் உணவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருந்தால், விடை 0.34 மில்லி சீவர்ட்டாகக் குறையும். எனவே எப்போது, எதைச் சாப்பிட்டார் என்று பொறுமையாக விசாரிப்பது கருவியளவு முக்கியம்.

மருந்தையும் கேளுங்கள். 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில் நடந்த சீசியம்-137 விபத்தில் 46 பேருக்குப் பிரஷ்யன் புளூ கொடுத்தார்கள். அது சீசியத்தைக் குடலில் பிடித்து மலத்தில் தள்ளும், அரைவாழ்வு சுருங்கும். அந்த நாட்களுக்கு 110-ஐப் போட்டாலும், சிறுநீரை மட்டும் நம்பினாலும் கணக்கு தவறும். குழந்தைகளுக்கும் 110 பொருந்தாது. அவர்கள் உடலிலிருந்து சீசியம் விரைவாக வெளியேறும்.

புளூட்டோனியம், ஸ்ட்ரான்சியம்-90 என்றால் இந்தக் கருவி அநேகமாக உதவாது; 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து வேதிமுறையில் பிரித்தெடுக்க வேண்டும்.