கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாகத் திறப்பவை: வாசகர் கேள்விகள்

கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். காலையில் முதல் பில் போடவே பத்து நிமிடம் ஆகிறது. விண்டோஸ் 11. எதையெல்லாம் நிறுத்தலாம்?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் இடப்பக்கம் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' இருக்கும். அதில் 'ஹை' என்று காட்டுபவை, ஆன் ஆகும்போது பிராசஸரை 1 விநாடிக்கு மேலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேலோ இழுத்தவை. டீம்ஸ், ஸ்பாட்டிஃபை போல பில்லுக்குத் தேவைப்படாதவற்றை ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். புரோகிராம் அழியாது, ஐகானைத் தொட்டால் வழக்கம்போல் திறக்கும். ஆன்டிவைரஸைத் தொடாதீர்கள். கணக்கு ஃபைல்கள் மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவில் பேக்கப் ஆகின்றன என்றால் அதையும் விட்டுவிடுங்கள். நிறுத்தினால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

ஆனால் பத்து நிமிடம் என்பது இதனால் மட்டும் வராது. அதே டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பாருங்கள். டிஸ்க் 'எச்டிடி' (தட்டு சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்) என்று காட்டி, ஆன் ஆன பிறகு வெகுநேரம் 100 சதவீதத்திலேயே நின்றால், அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

வேகத்துக்காக, விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் அமைப்புத் திரையில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆதார் கைரேகைக் கருவி வேலை செய்யவில்லை. (திருமங்கலம்)

கைரேகைக் கருவியை ஆதாருக்காக இயக்கும் 'ஆர்டி சர்வீஸ்' என்ற பின்னணிப் புரோகிராமும் சேர்ந்து நின்றிருக்கும். எம்எஸ்கான்ஃபிக்கில் 'சர்வீசஸ்' போய், கருவி கம்பெனியின் பெயரில் உள்ளதை மீண்டும் டிக் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிரின்டர், வைஃபை சம்பந்தப்பட்டவற்றுக்கும் அப்படியே. இனி அங்கே போனால், முதலில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக் செய்த பிறகே எதையும் தொடுங்கள். ஒரே அடியாக எல்லாவற்றையும் நிறுத்தினால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்ததும் பில்லிங் புரோகிராம் தானாகத் திறக்க வேண்டும். (மேலூர்)

விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என ஆங்கிலத்தில் இடைவெளியின்றி அடியுங்கள். திறக்கும் ஃபோல்டரில் புரோகிராமின் ஷார்ட்கட்டை ஒட்டுங்கள். பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்த பிறகே அது ஓடும். கம்ப்யூட்டரே தானாக ஆன் ஆக, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரை) ஏசி பவர் பற்றிய அமைப்பை 'பவர் ஆன்' என்று மாற்ற வேண்டும். அதன் பெயர் போர்டுக்குப் போர்டு மாறும். யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். பில் ஓடும்போது கரண்ட் போனால் டேட்டா ஃபைலே கெட்டுப்போகலாம்.

டிஸேபிள் செய்தும் குரோம் திறக்கிறது. (உசிலம்பட்டி)

செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' போங்கள். 'ரீஸ்டார்ட்டபிள் ஆப்ஸ்' பற்றிய சுவிட்சை அணையுங்கள். ஷட்டவுன் செய்யும்போது திறந்திருந்ததைத்தான் விண்டோஸ் மறுபடி திறக்கிறது.