மகளோடு நியூசிலாந்து போக அவளுடைய அப்பாவின் கையெழுத்து வேண்டுமா?

கேள்வி: நான் மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியை. நானும் கணவரும் பிரிந்து இரண்டரை வருடம் ஆகிறது. விவாகரத்து வழக்கு இங்கே குடும்ப நல நீதிமன்றத்தில் நடக்கிறது. ஒன்பது வயது மகள் என்னோடுதான் இருக்கிறாள். மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை அவர் வந்து பார்க்கலாம் என்று இடைக்கால ஆணை இருக்கிறது. ஆக்லாந்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு மே 3 முதல் 26 வரை மகளைக் கூட்டிப்போக ஆசைப்படுகிறேன். மகளின் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. கணவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், மீறிப் போனால் ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடுவேன் என்றும் மிரட்டுகிறார். டிராவல்ஸில் கேட்டால், "கையெழுத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள், அப்புறம் விலை ஏறிவிடும்" என்கிறார்கள். என் பாஸ்போர்ட்டையும் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் அவர் கையெழுத்து வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் அந்த டிராவல்ஸ்காரர் சொன்னதைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது உங்கள் கணவரின் மிரட்டல் அல்ல, அந்த "கையெழுத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சுதான். உங்கள் கணவர் பெயரில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் போனால் சிக்கப் போவது அவர்கள் இல்லை, விண்ணப்பதாரரான நீங்கள். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பொய்த் தகவல் தந்தாலோ, சொல்ல வேண்டியதை மறைத்தாலோ இரண்டு ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. அப்படி வாங்கிய பாஸ்போர்ட்டை 10ஆவது பிரிவின்கீழ் முடக்கவும் செய்வார்கள். போலிக் கையெழுத்து தனிக் குற்றம். நீங்கள் அரசு ஊழியர் வேறு, வேலைக்கே ஆபத்து. அதையெல்லாம்விடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. இன்று குழந்தை உங்களிடம் இருக்கிறாள், நீதிபதி உங்களை நம்பக்கூடிய தாயாகப் பார்க்கிறார். ஒரு போலிக் கையெழுத்து வெளியே வந்தால் அந்த நம்பிக்கை போய்விடும், கஸ்டடி விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்றே போதும். அந்த டிராவல்ஸ் பக்கம் இனிப் போகாதீர்கள்.

உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் கணவர் கையெழுத்து வேண்டியதில்லை. இதைச் சந்தேகமே இல்லாமல் சொல்கிறேன். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு பெண் வந்தார். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது, பாஸ்போர்ட் அலுவலகம் கணவரின் கையெழுத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தது. மனைவி தனி மனுஷி, பாஸ்போர்ட் கேட்க அவளுக்குக் கணவனின் அனுமதி தேவையில்லை என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொல்லி, பாஸ்போர்ட்டைக் கொடுக்கவும் உத்தரவிட்டார். வெளிநாடு போகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லிவிட்டது, 1978இல் மேனகா காந்தி வழக்கில் அதை இன்னும் விரித்துச் சொன்னது. கவுன்டரில் யாராவது கேட்டால் அந்த 2025 தீர்ப்பின் நகலை எடுத்து நீட்டுங்கள்.

மகளின் பாஸ்போர்ட்தான் வேறு விஷயம். சிறார் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் செல்லும், அதனால் மறுபடி வாங்கும்போது பெற்றோர் சம்மதம் மறுபடி வருகிறது. இருவரும் கையெழுத்துப் போடும் உறுதிமொழிப் படிவத்துக்கு அனெக்ஸர் டி என்று பெயர். மற்றவரின் சம்மதம் கிடைக்காதபோது ஒரு பெற்றோர் மட்டும் தரும் படிவம் அனெக்ஸர் சி. ஆக, அப்பா கையெழுத்து இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டே கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படிவத்தில் வழக்கு நடப்பதை மறைக்காமல் எழுத வேண்டும், எழுதினால் பாஸ்போர்ட் அலுவலகம் கேள்வி எழுப்பவும் கூடும். உங்களுக்கு எப்படியும் நீதிமன்ற அனுமதி தேவைப்படுகிறது. அதனால் இதையும் அங்கேயே சேர்த்துக் கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எதற்கு நீதிமன்ற அனுமதி என்று கேட்பீர்கள். குழந்தை என்னோடுதானே இருக்கிறாள், என் சொந்த அக்கா வீட்டுக்குத்தானே போகிறேன் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் உங்கள் கையில் ஒரு ஆணை இருக்கிறது, இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை குழந்தையை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று. மே 3 முதல் 26க்குள் அந்த இரண்டு சனிக்கிழமையும் வந்துவிடும். சொல்லாமல் போனால் ஆணையை மீறியதாகிவிடும். திரும்பி வந்து எத்தனை காரணம் சொன்னாலும், "கேட்டுவிட்டுப் போயிருக்கலாமே அம்மா" என்று நீதிபதி ஒரு வார்த்தை கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

கணவர் ஏர்போர்ட்டில் நிறுத்துவேன் என்கிறாரே, அது முடியுமா? வெறும் போன் காலில் முடியாது. குடியேற்றத் துறையின் லுக் அவுட் சுற்றறிக்கை, அதாவது ஒருவரை ஏர்போர்ட்டில் நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு, தனி நபர் கேட்டு வருவதில்லை. அதற்கென அதிகாரம் உள்ள அதிகாரிகள் கேட்க வேண்டும், அல்லது நீதிமன்றம் சொல்ல வேண்டும். ஆனால் அவர் நீதிமன்றத்துக்குப் போய், "என் குழந்தையை நாட்டைவிட்டே கொண்டுபோகப் பார்க்கிறாள்" என்று அவசர மனு போட்டு, உங்கள் பதிலைக் கேட்பதற்கு முன்பே ஒரு தடை ஆணை வாங்கிவிட முடியும். அப்போது நீங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மீனம்பாக்கத்தில் பெட்டியோடு நின்று அழ வேண்டிவரும். அதைத் தவிர்க்க ஒரே வழி, அவருக்கு முன்னால் நீங்கள் போய்விடுவது.

சரி, எப்படிப் போவது. நடந்துகொண்டிருக்கும் விவாகரத்து வழக்கிலேயே இந்துத் திருமணச் சட்டம் 26ஆவது பிரிவின்கீழ் இடைக்கால மனு, அதாவது ஐ.ஏ. போட வேண்டும். (நீங்கள் இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் வழக்கு நடத்துவதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.) கேட்க வேண்டியவை மூன்று: அப்பாவின் கையெழுத்து இல்லாமல் மகளின் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்ய அனுமதி, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நியூசிலாந்துக்கு மட்டும் கூட்டிப்போக அனுமதி, அந்த நாட்களுக்கு மட்டும் சந்திப்பு ஆணையில் மாற்றம். தனித்தனி மனுவாகப் போடச் சொன்னால் அப்படியே போட்டுவிடுங்கள், அதில் பிடிவாதம் வேண்டாம். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் தயங்கவே வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆவது பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். குடும்ப நல நீதிமன்றத்தில் நீங்களே நேரடியாகப் பேசவும் செய்யலாம், அங்கே பல பெண்கள் அப்படிப் பேசி நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் கணவரின் பயம் முழுக்க வெறும் வீம்பு இல்லை. ஒரு நாட்டிலிருந்து குழந்தையை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டால், அதைச் சீக்கிரம் மீட்பதற்கு 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. நியூசிலாந்து அதில் இருக்கிறது, இந்தியா சேரவில்லை. அதனால் நீங்கள் திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டால் அந்த உடன்படிக்கையின் வழி அவருக்குத் திறக்காது. அத்தனை தூரத்தில், வேற்று நாட்டு நீதிமன்றத்தில், வேற்று நாட்டு வக்கீலுக்குப் பணம் கொடுத்துத்தான் அவர் போராட வேண்டியிருக்கும். நீதிபதிக்கும் இது தெரியும். அதனால் உங்கள் மனு "எனக்குப் போக உரிமை இருக்கிறது" என்பதைவிட, "நான் திரும்பி வருவேன், இதோ ஆதாரம்" என்பதைத்தான் அதிகம் பேச வேண்டும். இந்த ஒன்றில் சறுக்கித் தோற்ற மனுக்கள் நிறைய.

உங்களிடம் அந்த ஆதாரம் தாராளமாக இருக்கிறது. அரசு வேலையைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்? வெளிநாடு போக எப்படியும் துறையின் முன் அனுமதி வாங்கியாக வேண்டும், அதற்கு இப்போதே எழுதிக் கொடுத்து, அந்த அனுமதி ஆணையையும் விடுப்பு ஆணையையும் மனுவோடு இணையுங்கள். மகள் அடுத்த வகுப்பில் தொடர்கிறாள் என்று பள்ளியிலிருந்து ஒரு சான்று. மதுரையில் வீடோ நிலமோ உங்கள் பெயரில் இருந்தால் பத்திர நகல். பெற்றோர் உங்களோடு இருக்கிறார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். அக்காவின் அழைப்புக் கடிதம், ஆக்லாந்து முகவரி, போன் நம்பர், மாமாவின் நம்பர் எல்லாம் வேண்டும். இவற்றைக் கணவரிடமிருந்து மறைக்கலாமா என்று நினைக்காதீர்கள், பிரமாணப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். குழந்தை எங்கே தூங்குகிறாள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. நீதிமன்றம் ஒரு தொகையைப் பிணையாகக் கட்டச் சொன்னாலோ, ஜாமீன் கேட்டாலோ ஒப்புக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அது விடுபட்டுவிடும்.

சந்திப்பு தவறுவதற்கு நீங்களாகவே ஈடு சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒரு முழு நாள், திரும்பிய பிறகு ஜூனில் இரண்டு நாள் என்று தேதியோடு எழுதுங்கள். அங்கிருந்து வீடியோ காலும் உண்டு என்று சொல்லுங்கள், ஆனால் "வாய்ப்பிருக்கும்போது பேசுவாள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பின்னாளில் சண்டைக்குத்தான் வழி. மே மாதத்தில் நியூசிலாந்து நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே மாலை ஏழரை என்றால் இங்கே மதியம் ஒரு மணி. மகள் தூங்கப் போவதற்கு முன், அவர் சாப்பாட்டு நேரத்தில் பேச அது தோதான நேரம். புதன், ஞாயிறு இரண்டு நாளும் இந்திய நேரம் மதியம் ஒரு மணி என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

சட்டத்தில் அப்பாதானே முதல் காப்பாளர் என்று அவர் தரப்பில் வாதம் வரும். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவைப் படித்தால் அப்படித்தான் தெரியும், அப்பா, அவருக்குப் பிறகு அம்மா என்று. ஆனால் 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் "பிறகு" என்ற சொல்லுக்கு அப்பா இறந்த பிறகு என்று பொருள் கொள்ளக் கூடாது, அவர் பொறுப்பில் இல்லாத நிலையில் என்று கொள்ளலாம் என்றது. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. 2020இல் ரித்திகா சரண் வழக்கில், வேலைக்காகச் சிங்கப்பூரில் வாழப் போகும் தாய் குழந்தையைக் கூடவே கொண்டுபோக உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, அப்பாவோடு வீடியோவில் பேச ஏற்பாடும் செய்தது. அது குடிபோவது. நீங்கள் கேட்பதோ 24 நாள், பெரியம்மா வீடு. நீதிபதி மகளையே தனியறையில் அழைத்துப் பேசவும் கூடும். அதற்காக அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. ஒன்பது வயதுக் குழந்தை ஒப்பிக்கிறது என்று நீதிபதிக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், அதைவிட, அப்பாவுக்கு எதிராகப் பேசினோமே என்ற பாரம் அவள் மனதில் ரொம்ப நாள் தங்கிவிடும்.

நேரம்தான் உங்களுக்கு எதிரி. நோட்டீஸ், எதிருரை, இரண்டு மூன்று வாய்தா என்று போகும். இடைக்கால ஆணைகளுக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் மேல்முறையீடு கிடையாது. ஒருவேளை தோற்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 227ஆவது பிரிவின்கீழ் சீராய்வு மனுதான் போட வேண்டும், மே மாதம் அங்கே கோடை விடுமுறை வந்துவிடும். அதனால் இந்த வாரமே மனு உள்ளே போகட்டும். ஆணை வரும்வரை டிக்கெட் போடாதீர்கள், விலை ஏறினாலும் பரவாயில்லை. மனுவோடு இணைக்கப் பயணத் திட்டம் தேவை என்றால், பணம் திரும்பக் கிடைக்கும் வகை முன்பதிவு போதும், போகவர இரண்டு தேதியும் அதில் இருக்க வேண்டும்.

நியூசிலாந்துக்கு நமக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டும், போய் இறங்கி வாங்கிக்கொள்ள முடியாது. ஒரு பெற்றோரோடு மட்டும் வரும் குழந்தைக்கு மற்றவரின் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ கேட்பது அங்கே வழக்கம். ஆணையில் நாட்டின் பெயர், தேதி, மகளின் முழுப் பெயர் மூன்றும் பிழையில்லாமல் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். நம் கீழமை நீதிமன்றங்களில் ஆணை தமிழில் வரலாம், அப்படி வந்தால் விசாவுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்குங்கள்: பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு, விசாவுக்கு, உங்கள் கைப்பைக்கு. அப்புறம், அக்காவுக்குக் கருவேப்பிலை, ஊறுகாய், விதை என்று கொண்டுபோவீர்கள். எல்லா உணவுப் பொருளையும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும், மறந்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மகளின் பையில் மறந்துபோய்க் கிடக்கும் ஒரு பழத்துக்கும் இது பொருந்தும்.

திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள், யாரும் கேட்காவிட்டாலும், போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களின் நகலோடு "குழந்தையோடு இன்ன தேதி திரும்பிவிட்டேன்" என்று வழக்கில் ஒரு மெமோ தாக்கல் செய்யுங்கள். கஸ்டடி விசாரணை தொடங்கும் நாளில் அந்த ஒரு பக்கம் வழக்கு ஆவணங்களோடு இருக்கட்டும்.