ரசம் தீர்ந்த கதையை எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸின் மோக்காவில், மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் பி.ஏ. முடித்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பதினேழு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரே ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது: ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கம் ஒரு ஹோட்டல், வரவேற்புப் பிரிவு. அடுத்த வாரம் நேர்காணல். புதிய சி.வி. ஒன்றைக் கையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மதுரையில் உள்ள உறவினர் தந்த மாதிரியைப் பார்த்து நான் தயாரித்ததை இணைத்திருக்கிறேன். "தமிழ் பி.ஏ.வை எடுத்துவிடு, அர்ச்சகர் வேலைக்கா போகிறாய்?" என்று அண்ணன் கேட்கிறான். எடுத்துவிடலாமா? முன்பே எழுத நினைத்தேன். காவடித் திருநாளில் பந்தி பரிமாறும் இளைஞர் குழுவை மூன்று ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்த முறை இரண்டாம் பந்தியிலேயே ரசம் தீர்ந்து பெரிய அமளி. அதில் தாமதமாகிவிட்டது.

த., காத்ர் போர்ன்

அன்புள்ள த.,

உங்கள் சி.வி.யை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கம் முடிந்த பிறகும் நீங்கள் யார் என்று தெரியவில்லை. தந்தை பெயர், மதம், திருமண நிலை, பிறகு "சவாலான பணியில் என் திறமையை வெளிப்படுத்த விழைகிறேன்" என்றொரு குறிக்கோள். கடைசியில் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்று இடம், தேதியோடு கையொப்பம். மதுரையில் அது வழக்கம். இங்கே அந்த உறுதிமொழியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மதம், சாதி, திருமண நிலை போன்றவற்றைப் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது என்று 2008ஆம் ஆண்டின் சம வாய்ப்புச் சட்டமே சொல்கிறது. 2012 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அவர்கள் பார்க்கக் கூடாததை நீங்களே வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டுவானேன்?

நான் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு ஹோட்டலின் பணியாளர் பிரிவில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். ஒரு காலைப்பொழுதில் நாற்பது சி.வி. பார்ப்போம். எல்லோரும் கடின உழைப்பாளிகள், எல்லோரும் குழுவோடு ஒத்துப்போகிறவர்கள். அந்தச் சொற்கள் கண்ணில் படுவதையே சில மாதங்களில் நிறுத்திவிடும். நிற்பது செயல்தான். உங்கள் சி.வி.யின் கடைசி மூலையில் "ஈடுபாடு: கோயில் சேவை" என்று இரண்டே சொற்கள் இருக்கின்றன. கடிதத்திலோ மூன்று ஆண்டுகள், ஓர் இளைஞர் குழு, தீர்ந்துபோன ரசம்! வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவது எப்படிப்பட்ட வேலை என்று இந்தத் தீவில் எல்லா மதத்தாருக்கும் தெரியும். எத்தனை தொண்டர்கள், எத்தனை பந்திகள், ஒரு பந்திக்கு எத்தனை பேர் என்று எண்களோடு எழுதி, முதல் பக்கத்தில் அனுபவம் என்ற தலைப்பின் கீழ் வையுங்கள். சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான்.

இனி அண்ணன் கேள்வி. பட்டத்தை எடுத்துவிட்டால் மூன்று ஆண்டுகள் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள். எடுக்காதீர்கள். ஆனால் என்னை உறுத்தியது வேறொன்று. மொழிகள் என்ற இடத்தில் "தமிழ்: தாய்மொழி" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில், இந்தத் தீவின் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோல்தான் பேசுவீர்கள் என்பது என் ஊகம். என் வீட்டிலும் அதுதான். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முன்னோர் மொழி எது, வீட்டில் பேசும் மொழி எது என்று தனித்தனியாகக் கேட்டதுண்டு. முதல் கேள்விக்கு நான் தயங்காமல் தமிழ் என்பேன். சி.வி. கேட்பது அதையல்ல. அந்த மொழியில் உங்களால் என்ன செய்ய முடியும் என்பதை.

ஒரு பையன் "தமிழ்: சரளம்" என்று எழுதிக்கொண்டு வந்தான். நானும் தமிழன் என்ற உற்சாகத்தில் கேட்டேன்: "சென்னையிலிருந்து ஒரு பாட்டி வந்திருக்கிறார். அறை தயாராக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அவரிடம் சொல்லுங்கள்." தேவாரம் கணீரென்று பாடக்கூடிய பையன். அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. மேசையில் இருந்த மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு பிரெஞ்சில் கேட்டவற்றுக்கும் அவனால் வாய் திறக்க முடியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன். "எழுத, படிக்க நன்றாக வரும், எளிய உரையாடல் முடியும்" என்று அவன் எழுதியிருந்தால் நான் கேட்டிருக்கவும் மாட்டேன், அவனுக்கு அது ஒரு கூடுதல் தகுதியாகவும் இருந்திருக்கும்.

நீங்கள் அந்தக் கற்பனைப் பாட்டியிடம் இன்றிரவே பேசிப் பாருங்கள். வாக்கியம் வந்துவிட்டால் "விருந்தினரோடு தமிழில் பேச முடியும்" என்று துணிந்து எழுதலாம். பிரெஞ்சு மொழித் திறனுக்கான டெல்ஃப் தேர்வு எழுதியிருந்தால் பி1, பி2 என்று நிலையைக் குறிப்பிடுங்கள். எழுதாமல் அந்த எழுத்துகளைப் போடாதீர்கள்.

சில்லறை விஷயங்கள்: இரண்டு பக்கங்களுக்கு மேல் வேண்டாம். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். உங்கள் மின்னஞ்சலில் ஒரு எழுத்துக்கூட்டல், சி.வி.யில் இன்னொன்று இருக்கிறது. (இந்தியாவிலிருந்து இங்கே குடியேறிய நம் பாட்டன்மார் பெயரைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிய பாவம் இன்னும் நம்மை விடவில்லை. அந்தப் பதிவேடுகள் நீங்கள் படித்த நிறுவனத்திலேயே இருக்கின்றன.) பரிந்துரைப்பவர்களின் பெயரைப் போடும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நேர்காணல் ஆங்கிலத்தில் தொடங்கும், பிரெஞ்சுக்கு நழுவும், மேலாளர் இளகினால் கிரியோலில் முடியும். அவர் கிரியோலில் கேட்டால் நீங்களும் கிரியோலில் பதில் சொல்லலாம். ஆனால் விருந்தினரிடம் பேசுவதுபோல் பிரெஞ்சில் பேசிக்காட்டச் சொன்னால் 'த்யு' (நீ) வாயில் வரக் கூடாது, 'வூ' (நீங்கள்) தான். தெரியாததைக் கேட்டால் "மோ பா கோனே" (எனக்குத் தெரியாது) என்று சொல்லி நிறுத்திவிடாமல், யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்ற கேள்வி அநேகமாக வரும். அதற்குப் பொறுமை பற்றிய சொற்பொழிவு வேண்டாம். ரசத்தைச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, உங்கள் பொறுப்பு எது, நீங்கள் செய்தது என்ன, எப்படி முடிந்தது.

விடுமுறை நாளில் வருவீர்களா என்றும் கேட்பார்கள். காவடி அரசு விடுமுறைதான், ஆனால் ஹோட்டலுக்கு விடுமுறை ஏது? இதற்கான பதிலை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போங்கள். அந்த ஒரு நாள் முடியாது, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் வருகிறேன் என்று சொன்ன ஒருவரையும் அதற்காக நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. எல்லா நாளும் வருவேன் என்று தலையாட்டிவிட்டு, தைப்பூசத்தன்று மருத்துவச் சான்றிதழ் அனுப்பியவர்கள்தான் எங்களை வாட்டியவர்கள். நீங்களும் ஒன்று கேளுங்கள்: இரவுப் பணி முடிந்தால் காத்ர் போர்ன் வரை வாகனம் உண்டா?

திருத்திய சி.வி.யை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். ரசம் தீர்ந்தபோது என்னதான் செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எங்கள் கோயிலிலும் ஆண்டுதோறும் அதே தகராறுதான்.