போதும் என்பதற்கு ஒரு தொகை

அன்புள்ள அண்ணன்,

பெரியபட்டினத்தில் கருவாட்டு யாவாரம் செய்கிறேன். சவுதியிலிருந்து திரும்பி வந்து ஆரம்பித்தது. நெத்திலி, பாறை, வாளை. மனைவியும் அக்காவும் காயப்போடுவார்கள். வாட்ஸாப்பில் ஆர்டர் எடுத்துப் பார்சல் போடுவது நான். மூன்று மணிக்கு வேலை முடிந்துவிடும். பிள்ளைகளோடு இருக்கத்தான் ஊருக்கே வந்தேன். மச்சான் மதுரையில் கடை எடு, கடனுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். வேண்டாம் என்றால், முன்னேறுகிற எண்ணமே இல்லை என்று ஏசுகிறார். நான் நினைப்பது தப்பா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

தப்பில்லை. ஆனால் மச்சானிடம் அதை ஆசையாகச் சொன்னால் எடுபடாது, கணக்காகச் சொல்லுங்கள். வீட்டுச் செலவு, பள்ளிக்கூடக் கட்டணம், ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்குவது எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு வந்தால் போதும்? மாதக் கணக்கு நம் கடற்கரையில் ஏமாற்றிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. வெயில் கொளுத்தும், காயப்போட மீன் இருக்காது. நாட்டுப்படகில் வருவது பச்சையாகவே நல்ல விலைக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மீன் வந்தாலும் வெயிலை நம்ப முடியாது. பாதி காய்ந்த நெத்திலியில் ஒரு மழை விழுந்தால் கோழித் தீவனத்துக்குத்தான் தள்ளிவிட வேண்டும். மீதி மாதங்களில் சம்பாதித்துத்தான் வருடத்தை ஓட்ட வேண்டும். அந்தத் தொகைக்கு எத்தனை கிலோ விற்க வேண்டுமோ, அதுதான் உங்கள் தொழிலின் அளவு.

நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். இதன் மேல் கடை வாடகை, ஆள் சம்பளம், வட்டி மூன்றும் ஏறினால் முதலில் அடிபடுவது சரக்குதான். உப்பு கூடும், எடைக்காக ஈரத்தோடு கட்டத் தோன்றும். வலை விரித்துக் காயப்போட்ட, வாயில் மணல் நறநறக்காத கருவாட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க ஆள் இருக்கிறது. கடை எடுப்பதை யோசிக்குமுன் விலையைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்.

கடன் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். யாவாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர், பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே போட்டுவிட்டு வருவதை நீங்கள் கரையில் பார்த்திருப்பீர்கள். கடன் வாங்கிக் கடை வைத்தால் உங்கள் மூன்று மணியும் அந்தக் கதிதான்.

சரி, ஒன்று உறுத்தியது. மூன்று மணிக்கு வேலை முடிகிறது என்கிறீர்கள். யாருக்கு? கழுவி, உப்புப் போட்டு, உச்சி வெயிலில் புரட்டிவிட்டு, பனி இறங்குமுன் வாரிக் கட்டுவது உங்கள் மனைவியும் அக்காவும். உங்களுக்கு வீடு திரும்பும் இடம். அவர்களுக்கு அதுவே பட்டறை. அக்காவுக்குக் கொடுப்பது கூலியா, பங்கா என்பதும் கடிதத்தில் இல்லை. எவ்வளவு வந்தால் போதும் என்று அந்த இரண்டு பேரிடமும் கேட்காமல் போட்ட கணக்கு பாதிக் கணக்கு. அவர்கள் சொல்லும் தொகை உங்களுடையதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

மச்சான் அந்த அக்காவின் வீட்டுக்காரர்தான் என்றால், மதுரைக் கடை யோசனை எங்கே கிளம்பியது என்று எனக்கொரு சந்தேகம். முதலில் அக்காவுக்குப் பங்கைப் பேசி எழுதிக் கொடுங்கள். அதன் பிறகும் மச்சான் கடையைப் பற்றிப் பேசுகிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.